ஐந்தாவது பல்

“வண்டிக்குத்தான் வாய் இருக்குதே, நாயனா. அது ஏன் கத்தாமப் போய் முட்டுச்சு?”

ஆறு வயதுப் பங்காரம்மா இப்படிக் கேட்டபோது அவள் தகப்பனார் பாலகோபால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோறு கையிலேயே நின்றது. பேசாமல் சாப்பிடும்படி தாய் வெங்கடலட்சுமி குழந்தையை அதட்டினாள். குழந்தை கேட்டதில் தப்பொன்றும் இல்லை என்றார் பாலகோபால். அன்று மத்தியானம் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் இருந்தார்.

கணபதி என்ற ஊரில் அவருக்கு மின்மோட்டார் பட்டறை இருந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகள் ஒன்றும் இரண்டுமாக வரத் தொடங்கியிருந்தன. அவற்றின் மோட்டார்களைப் பார்ப்பதற்காக மாதம் ஒருமுறை தன் சின்ன பிளசர் காரில் அங்கே போய் வருவார். வண்டியை ஓட்டுவது தம்பிதுரை. பன்னிரண்டு வருஷமாக அவர்தான்.

மூன்று நாளைக்கு முன்னால் சோமனூரில் நடந்தது இதுதான். நெசவாளர் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, பாலகோபால் ஒரு விசைத்தறிக்காரர் வீட்டுக்குள் போனார். தம்பிதுரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். குடத்தோடு திரும்பி வந்தால் வண்டி விட்ட இடத்தில் இல்லை. தெரு லேசாகச் சரிகிற பக்கமாக அறுபது அடி உருண்டுபோய், சின்னான் என்ற நெசவாளியின் தறிக்கூடத்து மண்சுவரை இடித்துக்கொண்டு உள்ளே மூக்கை நுழைத்து நின்றது. சுவருக்கு அந்தப்புறம் ஒரு முழ தூரத்தில் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பால் கொடுப்பதற்காகக் குழந்தையைத் தாய் அப்போதுதான் எடுத்துப் போயிருந்தாள். தெய்வம் காப்பாற்றியது என்று தெருவே சொன்னது. வேறு எப்படிச் சொல்வது?

பாலகோபால் மெல்லிய சுபாவம் உள்ளவர். அந்த இடத்தில் அவர் தன் ஆளைத் திட்டவில்லை. சின்னானிடம் போய், தவறு தன்னுடையது என்று மன்னிப்புக் கேட்டார். அந்த வாரமே கொத்தனாரை அனுப்பி மண்சுவர் இருந்த இடத்தில் செங்கல் சுவர் எழுப்பிக் கொடுத்தார். உடைந்த தறிக்காலையும் மாற்றிக் கொடுத்தார். தம்பிதுரையிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“பிரேக் போட்டயா?”

“போட்டனுங்க.”

ஆனால் கை பிரேக்கின் லீவர் கீழே கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பாலகோபாலும் பார்த்தார். ஊர் வந்து சேர்வதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டார். கடைசியில், “மறந்துட்டேன்னு சொல்லிரு, தம்பிதுரை. மனுசன் மறக்கறதுதான். அதோட உட்டுரலாம்” என்றார்.

“மறந்திருந்தா மறந்தேன்னு சொல்லிப்போடுவனுங்க” என்றார் தம்பிதுரை.

அன்றைக்கே சாவி அவர் கையை விட்டுப் போயிற்று. வேலையை விட்டு நிறுத்தவில்லை; பட்டறைக் கேட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பாலகோபால் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தார். வண்டி தகரக் கொட்டகையில் சும்மா நின்றது. தம்பிதுரை மட்டும் காலையில் கேட்டுக்கு வருவதற்கு முன்னால் அதைத் துடைத்து வைப்பதை விடவில்லை. கேட்டில் உட்காருவது அவருக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் கூட இருந்த மனிதர் தன்னைப் பொய்யன் என்று நினைத்துவிட்டாரே, அதுதான் அவருக்கு ஆறவில்லை. ஸ்டியரிங்கைத் திரும்பப் பிடித்தால் தன் சொல் நிற்கும். பிடிக்காவிட்டால் அந்தப் பொய் சாகும்வரை தன் பேரில் நிற்கும் என்று அவர் எண்ணினார்.

அவர் மனைவி ராசாத்தாள் ஒரு வழி சொன்னாள். ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மன் சன்னதியில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வரலாம். தீங்கு செய்தவர் யாரென்று தெரியாதபோது அப்படிச் செய்தால், செய்தவருக்கு உடம்பு எரியும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அம்மன் கண்டுபிடித்துக் கொடுப்பாள் என்று ராசாத்தாள் உறுதியாகச் சொன்னாள்.

“வேண்டாம் அம்மணி” என்றார் தம்பிதுரை. “யாருன்னே தெரியாம அரைச்சு வெச்சு, அது எந்தப் புள்ளகுட்டிக்காரனுக்கு எரியுமோ. அம்மனுக்குத் தெரியாததா? அவளுக்குத் தோணறப்பத் தோணட்டும்.”

இதற்கிடையில் பாலகோபால் தன் மகளின் கேள்வியைக் கொண்டுபோய்க் கந்தப்பனிடம் கொடுத்தார். கணபதி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் கந்தப்பனின் கொட்டகை. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது, டைனமோவைப் பிரித்துக் கட்டுவது, வண்டிகளின் ஒயரிங் எல்லாம் அவர் வேலை. காலையில் ஸ்பேனரைத் தொடுமுன் மருதமலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். பிறகு சாயங்காலம்வரை அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கஷ்டம்.

குழந்தை கேட்டதைச் சொல்லிவிட்டுப் பாலகோபால் சிரித்தார். கந்தப்பன் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார். இரண்டு நாள் கழித்து அவராகவே பட்டறைக்கு வந்து, “கத்த வெச்சுப்போடலாமுங்க” என்றார்.

அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. அந்த மாதிரி சாமான் எந்தக் கடையிலும் அப்போது கிடையாது. பிரேக் லீவரின் அடியில் இரண்டு தகடுகளை எதிரெதிராக வைத்தார். லீவர் மேலே இருந்தால் தகடுகள் விலகி நிற்கும். இறங்கினால் ஒன்றையொன்று தொடும். தொட்டால் பேட்டரியிலிருந்து ஹாரனுக்கு வழி கிடைக்கும். ஆனால் அப்படியே விட்டால் வண்டி ஓடுகிறபோதெல்லாம் ஹாரன் அலறுமே! அதற்காக ஒரு பழைய டைனமோவின் கட்அவுட் என்ற பெட்டியிலிருந்து சின்னக் காந்தச் சுருளை எடுத்தார். சாவியைத் திருகினால் அந்தச் சுருள் ஒரு பித்தளை நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு தகடுகளிலிருந்து ஹாரனுக்குப் போகும் வழியை மட்டும் அடைத்துவிடும். சாவியை எடுத்தால் நாக்கு விலகி வழி திறந்துகொள்ளும். ஆக, சாவி இல்லாமல் பிரேக் இறங்கினால் மட்டும் வண்டி கத்தும்.

முதலில் தகட்டை இரும்பில் வெட்டினார். மழைக்காலத்தில் துருப்பிடித்தால் சமயத்தில் கத்தாமல் போய்விடும் என்று தோன்ற, வேலை முடிந்தபிறகு அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய டார்ச் லைட்டின் பித்தளையில் புதிதாக வெட்டினார். யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை. பிறகு லீவரை இருநூறு தடவை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தடவையும் ஹாரன் வாயைத் திறந்து மூடுகிறதா என்று பார்த்தார். தெருவே காதைப் பொத்திக்கொண்டது.

வேலையின்போது கை விளக்கைப் பிடிக்கத் தம்பிதுரையைத்தான் கூப்பிட்டார். தம்பிதுரை விருப்பமில்லாமல் வந்து நின்றார். எதிர்க்கடை டிரைவர்கள் எட்டிப் பார்த்து, “ஏப்பா தம்பிதுரை, மாட்டுக்கு மணி கட்டறாப்புல உனக்கும் கட்டிப்போட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தார்.

கந்தப்பன் வண்டிக்கு அடியில் படுத்தபடியே கேட்டார்: “ஏனுங்ண்ணா, அன்னைக்கு இழுத்தப்ப எத்தன பல்லு கடிச்சுதுங்க?”

கை பிரேக்கை மேலே இழுக்கும்போது உள்ளே பல்சக்கரம் கடக் கடக்கென்று கடிக்குமே, அதைத்தான் கேட்டார்.

“அஞ்சு” என்றார் தம்பிதுரை, யோசிக்காமல். “நாலு கடிச்சாலே நிக்கும். அஞ்சாவது, என்ற மனசுத் திருப்திக்கு.”

கந்தப்பன் அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தார். பல் ஒவ்வொன்றையும் அவர் முன்பே தடவிப் பார்த்துவிட்டார். ஒன்றுகூடத் தேயவில்லை. கேபிளும் சரியாக இருந்தது. இப்படிப்பட்ட லீவர் தானாக இறங்காது. இந்த மனிதர் பொய் சொல்கிறார், அல்லது யாரோ ஒருவரின் கை அதை இறக்கியிருக்கிறது. பல்லை எண்ணி இழுக்கிறவர் மறக்கிறவர் இல்லை என்று கந்தப்பனுக்குப் பட்டது. ஆனால் பார்க்காத ஒன்றை அவர் சொல்ல மாட்டார். பாலகோபாலிடம் போய் இவ்வளவுதான் சொன்னார்:

“அவரையே ஓட்டச் சொல்லுங்க. மறந்தார்னா, சாவிய எடுத்த உடனே அவரு எறங்கறதுக்குள்ளயே கத்திப்போடும். வேற எதாச்சும்னாலும் அது கத்துமுங்க.”

பாலகோபால் யோசித்தார். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சாவியைத் தம்பிதுரையிடம் கொடுத்தார். ஆனால் அந்த ஹாரன் ஒரு தடவை கத்தினாலும் அதற்குப் பிறகு சாவி தன்னிடமே இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டார். தம்பிதுரை தலையாட்டினார்.

மூன்று வாரம் ஹாரன் கத்தவில்லை. நாலாவது வாரம் சோமனூருக்குப் போனார்கள்.

அதே தெரு. பாலகோபால் விசைத்தறிக்காரர் வீட்டுக்குள் போனார். தம்பிதுரை லீவரை இழுத்தார். ஐந்து தடவை கடித்தது. சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வண்டி அமைதியாக இருந்தது. வெயிலுக்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார்.

குடம் பாதி நிறைவதற்குள் ஹாரன் அலறியது.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வண்டியின் ஜன்னல் வழியாக ஒரு மனிதரின் கை தோள்வரை உள்ளே போயிருந்தது. சின்னான். சத்தத்தில் வெலவெலத்துப்போய், கையை எடுக்கவும் தோன்றாமல், அழுகிற குழந்தையைத் தட்டுவதுபோல வண்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, கத்துதுங்க, நிக்க மாட்டேங்குதுங்க” என்றார்.

தம்பிதுரை கையை விட்டு லீவரை இழுத்தார். சத்தம் நின்றது.

அப்போதுதான் தம்பிதுரை தெருவைப் பார்த்தார். வண்டிக்குப் பின்னால் சின்னானின் மனைவி இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். பக்கத்தில் கஞ்சி தோய்த்த பாவு பாதி விரித்தபடி கிடந்தது. அந்தத் தெருவில் நெய்கிறவர்கள் எல்லோரும் தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துத்தான் நீவுவார்கள். கஞ்சி காய்வதற்குள் நீவாவிட்டால் நூல் ஒட்டிப்போகும். ஒரு மாத நெசவு கெடும். பாவு போகவேண்டிய வழியில் வண்டி நின்றது. அதை நாலடி அக்கட்டால, அந்தப் பக்கமாக, தள்ளினால் போதும்.

“கூப்பிட்டிருக்கலாமுல்ல?” என்றார் தம்பிதுரை.

“தண்ணிக்குப் போனீங்க. அதுக்குள்ள கூப்பிட்டு எதுக்குங்க சிரமம் குடுக்கறதுன்னு...”

சொல்லிக்கொண்டு வந்த சின்னானின் கண் தன் வீட்டுப் புதுச் செங்கல் சுவர்மேல் போயிற்று. இதற்குமேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. போன தடவையும் இதே மரியாதைதான். வந்த விருந்தாளிக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று, ஒரு குரல் கொடுக்காமல், தானே பிரேக்கை இறக்கி, வண்டியை நாலடி தள்ளி நிறுத்திவிட்டு, திரும்ப இழுத்துவிடத் தெரியாமல் போய்விட்டார். அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு உருண்டது. உருண்டு போய் அவர் வீட்டுச் சுவரையே இடித்தது.

“மொதலாளி வந்து என்றகிட்ட மன்னிப்புக் கேட்டாருங்க” என்றார் சின்னான், மெல்ல. “அதுக்கப்புறம் எப்படிங்க சொல்றது?”

தம்பிதுரை இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு மாதமாகத் தேடிய கை எதிரில் இருந்தது. இந்த இடத்தில் பாலகோபாலைக் கூப்பிட்டு இந்த மனிதரைக் காட்டினால் போதும். தெருவில் பத்துப் பேர் சாட்சிக்கு இருந்தார்கள். சின்னானின் மனைவியும் நின்றாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. தன் தொட்டிலுக்கு ஒரு முழம் வரை அந்த வண்டியை அனுப்பியது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தம்பிதுரை அவளைப் பார்த்தார். பிறகு சின்னானிடம், “கஞ்சி காயுது. மொதல்ல பாவப் பாருங்க” என்றார். வண்டியை எடுத்து அக்கட்டால விட்டு, ஐந்து பல் இழுத்துவிட்டு, பாவின் ஒரு முனையைத் தானே பிடித்து விரித்துக் கொடுத்தார்.

உள்ளே விசைத்தறிச் சத்தத்தில் பாலகோபாலுக்கு ஹாரன் கேட்கவில்லை. வெளியே வந்தபோது வாசலில் நின்றவர்கள்தான் வண்டி கத்தியதை மட்டும் சொன்னார்கள். அவர் முகம் வாடிவிட்டது. வண்டி அருகே வந்து கேட்டார்.

“கத்துச்சாமே?”

“கத்துச்சுங்க. பிரேக்கு எறங்கியிருந்துதுங்க. இப்பப் போட்டாச்சுங்க” என்றார் தம்பிதுரை.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எப்போது கத்தியது என்று பாலகோபால் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். மனம் நொந்தவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றுவதில்லை. பாவின் மறுமுனையில் நின்ற சின்னான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கணபதி வந்ததும் பாலகோபால் கையை நீட்டினார். தம்பிதுரை சாவியை அந்தக் கையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்று ராசாத்தாள் கேட்டதற்கெல்லாம் அவர் சொன்னது, ஹாரன் நன்றாக வேலை செய்கிறது, கந்தப்பன் கெட்டிக்காரர் என்பது மட்டும்தான்.

மறுநாள் அவர் கேட்டில் உட்கார்ந்தார். பதினொரு மணிக்குமேல், கேட்டுக்கு அந்தப்பக்கம் சரக்கு இறக்க வந்த வண்டியை அவர் கவனித்துக்கொண்டிருந்த நேரத்தில், பட்டறையின் பின்வாசல் வழியாக ஒருவர் உள்ளே வந்தார். சோமனூரிலிருந்து பஸ் ஏறி வந்த சின்னான். தம்பிதுரை கண்ணில் படக்கூடாது என்று சுற்றி வந்திருந்தார்.

பாலகோபால் தன் சின்ன அறையில் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார்; சின்னான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நேற்று வண்டி எப்போது கத்தியது, யார் கை உள்ளே இருந்தது, போன தடவை என்ன நடந்தது, எல்லாம்.

“என்ற கொழந்தைய நானே கொன்னிருப்பனுங்க. அதச் சொல்ல வாய் வருலீங்க” என்றார் சின்னான். “அந்த அண்ணன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு தப்பிச்சிருப்பாருங்க. சொல்லாம, எனக்குப் பாவு விரிச்சுக் குடுத்துட்டுப் போறாருங்க. அதையும் பார்த்துட்டுச் சும்மா இருந்தா நான் மனுசனாங்க? காலைல ஊட்டுக்காரிகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் பஸ் ஏறினனுங்க.”

பாலகோபால் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். தம்பிதுரையைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். சின்னான் வேண்டாம் என்றார்.

“நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாமுங்க. எனக்கோசரம் ஒண்ணு செஞ்சாரு. அது செஞ்சபடியே இருக்கட்டுமுங்க.”

பாலகோபால் சரி என்று வாக்குக் கொடுத்தார். சின்னான் வந்த வழியே போய்விட்டார்.

அதன்பிறகு பாலகோபாலுக்கு வேலை ஓடவில்லை. தம்பிதுரையைக் கூப்பிட்டு என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்றால், ஏன் என்று அவர் கேட்பார். காரணம் சொன்னால் கொடுத்த வாக்குப் போய்விடும். பன்னிரண்டு வருஷம் தன்னையும் தன் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போன மனிதரிடம் மூன்று தடவை, நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லாமல் சொல்லியாயிற்று. அவரோ ஒருவரைக் காப்பாற்றுவதற்காக நாலாவது தடவையும் அதை வாங்கிக்கொண்டு கேட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஆட்கள் எல்லோரும் பின்கட்டு வேப்பமரத்து நிழலுக்குப் போனார்கள். தம்பிதுரையும் குழாயடியில் கைகால் கழுவப் போனார். அவருடைய காக்கிச் சட்டை கார்க் கொட்டகையில் ஆணியில் தொங்கியது. பாலகோபால் அங்கே வந்தார். சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் இல்லை.

சட்டைப் பையில் சாவியைப் போட்டார். விழுந்துவிடாமல் பித்தானை மாட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சட்டையின் முன்னால் ஒரு நிமிஷம் கைகூப்பி நின்றார். பிறகு, குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.